தோட்டம் கை மாறும்போது: திறந்த மூல மென்பொருளும் நம் பாடசாலை இடாப்புகளும்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டுப் பொதுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செயலாளர் அக்கா என்னைப் பேச அழைத்தபோது, "நீரிழிவு பற்றிப் பேசுங்க டொக்டர், இல்லாட்டி பிரஷர் பற்றிப் பேசுங்க" என்றார். நான் கணினி மென்பொருள் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். தொலைபேசியில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி பிள்ளை, விளங்குற மாதிரிப் பேசு" என்றார். டொக்டர் பிள்ளையாகிவிட்டது அப்போதே தெரிந்தது. விளங்குகிற மாதிரிப் பேச முயல்கிறேன். பேச்சின் கடைசியில் நம் பாடசாலையின் சேர்வு இடாப்புகள் பற்றி ஒரு விடயத்தை உங்கள் முன் வைக்க வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் இந்தத் தலைப்பைக் கேட்டு வாங்கினேன்.

வார்டுகளில் சில வருடங்கள் வேலை செய்த பிறகு, கொழும்பில் பட்டப்பின் மருத்துவக் கல்வி நிறுவகத்தில் மருத்துவத் தகவலியல் படித்தேன். நோயாளரின் பதிவுகளைக் கணினியில் எப்படி வைத்திருப்பது என்பதுதான் அந்தப் படிப்பு. "ஊசி போடாத டொக்டர்" என்று வீட்டில் கேலி செய்வார்கள். ஆனால் கிளினிக்குக்கு வருகிற ஓர் அம்மாவுக்குப் போன மாதம் என்ன மருந்து கொடுத்தோம், எந்த மருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்பது தெரியாமல் போடுகிற ஊசி ஆபத்தானது.

திறந்த மூல மென்பொருள் என்றால் என்ன? நம்மில் பாதிப் பேருக்கு மேல் தேயிலையில் பிறந்தவர்கள். எனவே தேயிலையை வைத்தே சொல்கிறேன். தலவாக்கலை சென் கூம்ஸில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நல்ல செடிகளைத் தெரிந்தெடுத்து இலக்கம் கொடுத்தது. டி.ஆர்.ஐ. 2025 என்ற பெயரை நம் அப்பாமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தாய்ச்செடியில் ஓர் இலையும் ஒரு கணுவும் உள்ள துண்டை வெட்டி, மண் நிரப்பிய பொலித்தீன் பையில் நட்டு, நிழலில் வைத்து வேர் பிடிக்க விடுவார்கள். அதைத்தான் விபி தேயிலை என்கிறோம். அந்தக் கன்று உங்கள் காணியில் வேர் பிடித்துவிட்டால், நாளை நேர்சரிக்காரர் நேர்சரியை விற்றாலும் உங்கள் செடி உங்களுடையதுதான். அதிலிருந்து இன்னொரு துண்டு வெட்டி நடவும் உங்களால் முடியும்.

திறந்த மூல மென்பொருளும் ஏறத்தாழ அப்படித்தான். அதை எழுதியவர்கள் அதன் மூல வரிகளை எல்லோருக்கும் கொடுத்துவிடுகிறார்கள். பார்க்கலாம், பாவிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கலாம் என்று ஓர் உரிமத்தையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். ஒருமுறை கொடுத்ததை, கொடுத்த அந்தப் பதிப்பைப் பொறுத்தவரை, பின்னர் திரும்பப் பெற முடியாது. உங்கள் கைத்தொலைபேசி அன்ட்ரொயிட் என்றால் அதன் அடியில் லினக்ஸ் இருக்கிறது. அதுவும் இப்படிப்பட்டதே.

அப்படியானால் ஒரு பெரிய கம்பனி வந்து திறந்த மூல மென்பொருளை "வாங்குவது" எப்படி? காசு கொடுத்து எதை வாங்குகிறார்கள்?

இதையும் நம் ஊர்க் கதையில் சொல்லலாம். வெள்ளைக்காரக் கம்பனிகளிடம் இருந்த தோட்டங்களை 1975இல் அரசாங்கம் எடுத்தது. 1992இல் அவற்றை 22 கம்பனிகளின் நிர்வாகத்தில் விட்டார்கள். பிறகு 53 வருடக் குத்தகை என்றார்கள். ஒவ்வொரு தடவையும் பெயர்ப்பலகை மாறியது, துரைமார் மாறினார்கள், கணக்குப் புத்தகம் வேறு ஒபிசுக்குப் போனது. லயமும் மலையும் கொழுந்தும் அங்கேயே இருந்தன. ஆனால் எந்த மலையில் உரம் போடுவது, எந்த மலையைக் காடாக விடுவது, டிஸ்பென்சரியை வைத்திருப்பதா மூடுவதா என்பதை யார் தீர்மானிப்பது என்பது மாறியது. என் அப்பாயிக்கு இது எல்லாமே தெரியும், பத்திரத்தில் என்ன எழுதியிருந்தது என்பதைத் தவிர.

மென்பொருளிலும் அதேதான். வாங்குகிறவர் பெயரை வாங்குகிறார், சின்னத்தை வாங்குகிறார், இணையத்தள முகவரியை வாங்குகிறார், எழுதியவர்களுக்குச் சம்பளம் கொடுக்கிற இடத்தை வாங்குகிறார். பல சமயம் பதிப்புரிமையையும் வாங்குகிறார். ஏற்கெனவே வெளியே போன பிரதிகளை அவரால் வாங்க முடியாது. அடுத்த பதிப்பு எப்படி வரும், வருமா என்பது மட்டும் அவர் கையில்.

ஓர் உதாரணம். மைஎஸ்கியூஎல் என்று ஒரு தரவுத்தள மென்பொருள். உலகில் எண்ணற்ற இணையத்தளங்களும் வைத்தியசாலைப் பதிவு முறைகளும் அதன் மேல் கட்டப்பட்டவை. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் பின்லாந்துக்காரரான மொன்டி விடேனியஸ். அந்த "மை" என்பது அவருடைய மூத்த மகளின் பெயர். 2008இல் சன் என்ற கம்பனி சுமார் 100 கோடி டொலருக்கு அதை வாங்கியது. அடுத்த வருடமே சன்னை வாங்கப் போவதாக ஒரக்கிள் அறிவித்தது. ஒரக்கிளின் முக்கிய வியாபாரமே விலைக்கு விற்கும் தரவுத்தளம். இலவசமாகக் கிடைக்கும் போட்டியாளரை அது வளர்க்குமா என்று பலர் பயந்தார்கள். ஐரோப்பிய ஆணைக்குழு மாதக்கணக்கில் விசாரித்து, 2010 ஜனவரியில் அனுமதி கொடுத்தது.

மொன்டி அதற்கு முன்பே வெளியே வந்துவிட்டார். பழைய மூல வரிகளை எடுத்து, தன்னோடு வேலை செய்த பலரைச் சேர்த்துக்கொண்டு இன்னொரு கிளையைத் தொடங்கினார். அதற்கு இளைய மகள் மரியாவின் பெயரை வைத்தார். அதுதான் மரியாடிபி. பெண்பிள்ளைகள் பாடசாலையில் பேசுகிறேன், ஆகவே இந்த இரண்டு பெயர்களையாவது நினைவில் வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். நியாயமாகச் சொன்னால், ஒரக்கிள் அக்காவைக் கொன்றுவிடவில்லை. மைஎஸ்கியூஎல் இன்றும் திறந்த மூலமாகக் கிடைக்கிறது. தங்கையின் பெயரில் தொடங்கிய கம்பனியோ பங்குச் சந்தைக்குப் போய், தடுமாறி, 2024இல் ஒரு முதலீட்டு நிறுவனத்தால் வாங்கப்பட்டது. ஆனால் 2012இலேயே மரியாடிபிக்கென்று தனியாக ஓர் அறக்கட்டளை அமைத்திருந்தார்கள். அது விற்பனைக்கு வராது.

அதே ஒரக்கிள் கைக்கு ஓப்பன் ஒபிஸ் என்ற மென்பொருளும் போனது. கடிதம் எழுத, கணக்குப் போட உதவுவது. அதில் வேலை செய்த பலர் 2010 செப்டெம்பரில் பிரிந்து வந்து லிப்ரே ஒபிஸைத் தொடங்கினார்கள். இன்று உலகம் பாவிப்பது அதைத்தான். அதற்குத் தமிழ் இடைமுகமும் உண்டு. பழையது அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுக்கப்பட்டு, பெயரளவில் இருக்கிறது.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. ரெட் ஹெட் என்ற லினக்ஸ் கம்பனியை ஐபிஎம் 2019இல் 3,400 கோடி டொலருக்கு வாங்கியது. ரெட் ஹெட்டின் மென்பொருளுக்குச் சமமானதை இலவசமாகத் தந்துகொண்டிருந்த சென்ட்ஓஎஸ் என்பதை நம்பிப் பல்கலைக்கழகங்களும் வைத்தியசாலைகளும் உலகம் முழுவதும் இயங்கின. அதன் எட்டாம் பதிப்பை 2029 வரை பராமரிப்பதாகச் சொல்லியிருந்தார்கள். 2020 டிசெம்பரில், 2021 முடிவோடு நிறுத்துகிறோம் என்று அறிவித்தார்கள். கொவிட் நடுவே ஒரு வருட அவகாசம். ரொக்கி, அல்மா என்று இரண்டு மாற்றுகள் சில மாதங்களில் எழுந்தன. எழுந்தன என்று சொல்வது எளிது. அந்த ஒரு வருடத்தில் எத்தனை பேர் இரவிரவாக இருந்து கணினிகளை மாற்றினார்கள் என்பதை அந்த வேலை செய்தவர்களிடம் கேட்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ரெட் ஹெட் 2004இல் இந்திய மொழிகளுக்கான எழுத்துருக்களை லோகித் என்ற பெயரில் திறந்த உரிமத்தோடு வெளியிட்டது. அதில் தமிழும் ஒன்று. லினக்ஸ் கணினியில் தமிழ் வாசித்தவர்கள் அந்த எழுத்துக்களைக் கண்டிருப்பீர்கள். கம்பனி கை மாறியது, எழுத்துகள் நம்மிடம் இருக்கின்றன. கம்பனி எதுவும் கெட்டது என்று சொல்ல நான் வரவில்லை. காசு போட்டவர் காசு கேட்பார். நாம் எதைக் கையில் வைத்திருக்கிறோம் என்பதுதான் கேள்வி.

இனி என் சொந்தக் கதை. கொஞ்சம் வெட்கமான கதை.

நான் முன்பு வேலை செய்த ஒரு வைத்தியசாலையில் கிளினிக் பதிவுகளுக்கு ஒரு மென்பொருளை எடுத்தோம். சிறிய கம்பனி ஒன்று எழுதியது, திறந்த மூலம். பரிந்துரைக் கடிதம் எழுதியது நான். "இது திறந்த மூல மென்பொருள், ஆகவே நம்மிடமிருந்து எவரும் பறிக்க முடியாது" என்று அதில் ஒரு வரி. பெருமையோடு எழுதிய வரி. எங்கள் வைத்தியசாலையில் சேர்வர் வைக்க இடமில்லை, ஆளும் இல்லை. அந்தக் கம்பனியே தன் சேர்வரில் இலவசமாக வைத்துத் தருவதாகச் சொன்னது. சரி என்றோம்.

மூன்று வருடம் போனது. ஒரு பெரிய கம்பனி அந்தச் சிறிய கம்பனியை வாங்கியது. கடிதம் வந்தது: புதிய பதிப்பு திறந்த மூலம் அல்ல, பாவிக்கிற ஒவ்வொருவருக்கும் வருடக் கட்டணம், குறித்த திகதிக்குள் ஒப்பந்தம். அரசாங்க வைத்தியசாலையில் ஒரு செலவுக்கு அனுமதி எடுக்க எத்தனை கையெழுத்து வேண்டும் என்று உங்களில் அரச சேவையில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. திகதி வந்தது. காலை கிளினிக் தொடங்கும்போது திரையில் ஒரே ஒரு அறிவித்தல்தான் இருந்தது.

பதினொரு வேலை நாட்கள் கொப்பியில் எழுதினோம். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, தோட்டத்திலிருந்து ஓர் அம்மா காலில் புண்ணோடு வந்தார். கிளினிக் கொப்பி மழையில் நனைந்து ஒட்டிப்போயிருந்தது. புதிதாக வந்த தம்பி டொக்டர் அமொக்ஸிசிலின் எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற தாதி, "ஐயோ டொக்டர், இந்த அம்மாவுக்குப் பென்சிலின் வகை ஒத்துக்காது, முன்னே ஒருதரம் மூச்சே நின்னுபோச்சு" என்றார். அந்தத் தாதி அன்று லீவில் இருந்திருந்தால்? அந்த எச்சரிக்கையைக் கணினியில் சிவப்பு எழுத்தில் பதிந்து வைத்தது நான்தான். அது எங்கேயோ ஒரு சேர்வரில் பத்திரமாக இருந்தது. எங்களிடம் இல்லை.

பிறகு தரவுகளைக் கொடுத்தார்கள், மறுக்கவில்லை. ஒரே நீளக் கோப்பு. திகதிகளில் நாளும் மாதமும் குழம்பியிருந்தன. மூன்று பேர் உட்கார்ந்து சரிபார்க்க மாதங்கள் ஆயின. என்னை இன்றும் உறுத்துவது இதுதான்: அந்தப் பழைய பதிப்பின் மூல வரிகள் அந்தப் பதினொரு நாளும் இணையத்தில் எவரும் எடுக்கக் கூடியதாகவே கிடந்தன. உரிமம் எங்கள் பக்கம். எடுத்து ஓடவைக்கத் தெரிந்தவர் எங்களில் ஒருவரும் இல்லை. எங்கள் தரவின் பிரதி ஒன்றையும் நாங்கள் எடுத்து வைத்திருக்கவில்லை. வெட்டி நடலாம் என்ற உரிமை இருந்தது, கத்தியும் இல்லை, பையில் மண்ணும் இல்லை. கம்பனி மேல் அன்று வந்த கோபத்தில் பாதியாவது என் கடிதத்தின் அந்த ஒரு வரிக்கு உரியது.

நம் நாட்டில் இந்தத் துறையில் வெட்கப்பட மட்டும்தான் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். 2004 சுனாமி வந்து சில வாரங்களுக்குள், இலங்கை இளைஞர்கள் தொண்டாகச் சேர்ந்து, காணாமற்போனோரைப் பதியவும் முகாம்களையும் உதவிப் பொருட்களையும் கணக்கெடுக்கவும் சஹானா என்ற மென்பொருளை எழுதினார்கள். லங்கா சொப்ட்வெயர் அறக்கட்டளை அதற்குப் பின்னால் நின்றது. சிங்களத்தில் சஹானா என்றால் நிவாரணம். திறந்த மூலமாக விட்டதால் 2005 பாகிஸ்தான் பூகம்பத்திலும், 2010 ஹெயிட்டி பூகம்பத்திலும் அது பயன்பட்டது. 2006இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருதும் கிடைத்தது. பிறகு அதற்கென்றே ஓர் இலாப நோக்கற்ற அறக்கட்டளை அமைக்கப்பட்டது.

அந்த வட்டத்தின் முன்னோடிகளில் ஒருவரான சஞ்சீவ வீரவரண 2005இல் சிலரோடு சேர்ந்து டபிள்யூஎஸ்ஓ2 என்ற கம்பனியைத் தொடங்கினார். கொழும்பில் வேலை, உலகம் முழுக்க வாடிக்கையாளர், மூல வரிகள் திறந்தவை. 2024இல் ஈக்யூடி என்ற சுவீடன் முதலீட்டு நிறுவனம் 60 கோடி டொலருக்கு மேல் கொடுத்து அதை வாங்குவதாக அறிவிப்பு வந்தது. இங்கிருந்து எழுந்த ஒரு திறந்த மூலக் கம்பனிக்கு அந்த விலை என்பதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் முதலீட்டு நிறுவனம் வாங்குவதே சில வருடம் வளர்த்து மறுபடி விற்கத்தான். ஆக அது இன்னொரு தடவை கை மாறும் என்று எதிர்பார்த்துக்கொண்டே அதன் மென்பொருளைப் பாவிப்பது புத்தி. அப்பாச்சி உரிமத்தில் இதுவரை வெளிவந்தவை எவர் வாங்கினாலும் வெளியேதான் இருக்கும்.

வாங்கவே முடியாத ஒன்றும் எங்கள் துறையில் உண்டு. டிஎச்ஐஎஸ்2 என்ற சுகாதாரத் தகவல் முறை ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கிறது. 2020 ஜனவரி 27இல் இலங்கையில் முதல் கொவிட் நோயாளி இனங்காணப்பட்டார். அந்த நாட்களிலேயே நம் சுகாதார அமைச்சுக்காக, நாட்டுக்குள் வருகிற பயணிகளைப் பதிந்து பின்தொடரும் முறையை இங்குள்ளவர்கள் அதன் மேல் கட்டினார்கள். மருத்துவத் தகவலியல் படித்த டொக்டர்களும் அதில் இருந்தார்கள். அதை மற்ற நாடுகளும் எடுத்துப் பாவித்தன. பல்கலைக்கழகத்தின் கையில் இருப்பதால் நாளை ஒருவர் வந்து விலை பேச முடியாது. ஆனால் அதுவும் உதவி நிதியில் ஓடுகிறது. நிதி கொடுக்கிற நாடுகள் கையை இறுக்கினால் எழுதுகிறவர்கள் வேறு வேலைக்குப் போக வேண்டியதுதான். பறிபோவது ஒரு பயம், பட்டினி கிடப்பது இன்னொரு பயம்.

திறந்த மூலத்தின் எதிர்காலம் என்ன என்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கம்பனிகள் வாங்கிக்கொண்டேதான் இருக்கும். சிலர் உரிமத்தை மாற்றுவார்கள், பாவனையாளர்கள் கிளை பிரிப்பார்கள். ரெடிஸ் என்ற தரவுத்தளம் 2024 மார்ச்சில் உரிமத்தை இறுக்கியது. சில நாட்களிலேயே வல்கி என்ற கிளை எழுந்தது. அடுத்த வருடம் ரெடிஸ் தானாகவே ஒரு திறந்த உரிமத்துக்குத் திரும்பி வந்தது. பிரிந்து போகத் தெரிந்தவர்களோடுதான் கம்பனிகள் மரியாதையாகப் பேசும். அது பணக்காரப் பாவனையாளர்களின் கதை. அமேசன், கூகிள் போன்றவை அந்தக் கிளைக்குப் பின்னால் நின்றன. ஒரு மலைநாட்டு வைத்தியசாலைக்குப் பின்னால் யார் நிற்பார்கள்? ஒரு பாடசாலைக்குப் பின்னால்?

இனி இடாப்புகள். உங்களுக்குத் தெரியும், நூற்றாண்டு வேலையாக நம் பாடசாலையின் பழைய சேர்வு இடாப்புகளைப் படம் பிடித்துக் கணினியில் ஏற்றத் தொடங்கியிருக்கிறோம். சில பக்கங்கள் தொட்டால் உதிர்கின்றன. போன மாதம் நான் ஒரு புத்தகத்தைப் புரட்டியபோது என் அம்மாவின் பெயரைக் கண்டேன். ஆறாம் வகுப்போடு விலகியதாகவும், காரணம் "தோட்ட வேலை" என்றும் எழுதியிருந்தது. அம்மாவுக்குப் பிறப்புச் சான்றிதழ் இருக்கவில்லை. பிறகு அடையாள அட்டை எடுக்க உத்தேச வயதுச் சான்றிதழுக்கு அலைந்தபோது, இந்தப் பாடசாலை கொடுத்த விடுகைப் பத்திரம்தான் கையில் இருந்த ஒரே தாள். 1948க்குப் பிறகு பிரஜாவுரிமை இல்லாமல் வாழ்ந்த நம் சனத்துக்கு ஓர் இடாப்பில் பெயர் இருப்பது என்றால் என்ன என்று இந்த மண்டபத்தில் இருக்கிற மூத்தவர்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டும், நான் அவர்களுக்கு அல்ல.

ஒரு நிறுவனம் இந்தப் படங்களையெல்லாம் தன் இணையச் சேவையில் இலவசமாக வைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறது. தேடும் வசதி, அழகான பக்கம், எல்லாம் உண்டு. குழுவில் பலருக்கு விருப்பம். எனக்கும் அந்தப் பக்கம் பிடித்திருக்கிறது. அவர்களை நான் சந்தேகிக்கவில்லை. அவர்களை நாளை யார் வாங்குவார் என்பது அவர்களுக்கே தெரியாது, அவ்வளவுதான்.

ஆகவே நான் குழுவிடம் கேட்பது: அந்தச் சேவையில் போடுவதானால் போடலாம், உயிரோடு இருப்பவர்களின் விபரங்களை மறைத்து. ஆனால் மூலப் படங்கள் எவரும் திறக்கக் கூடிய கோப்பு வகையில், இரண்டு வன்தட்டுகளில், ஒன்று அதிபர் அலுவலக அலுமாரியிலும் மற்றது வேறு ஊரிலும் இருக்க வேண்டும். பெயர்ப் பட்டியல் லிப்ரே ஒபிஸில், யுனிகோட் தமிழில். பழைய எழுத்துருவில் அடித்தால் பத்து வருடத்தில் கிறுக்கலாகத்தான் தெரியும், எங்கள் 1990களின் சஞ்சிகைக் கோப்புகளுக்கு அதுதான் நடந்தது. வருடத்துக்கு ஒரு நாள், உயர்தரத் தொழினுட்பப் பிரிவுப் பிள்ளைகள் இரண்டு பேராவது அந்தக் கோப்புகளைத் திறந்து, எல்லாம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க நான் விடுமுறையில் வருகிறேன். பதினொரு நாள் கொப்பியில் எழுதியவள் என்ற தகுதியில் வருகிறேன்.

வன்தட்டுக்கான செலவை லண்டனிலும் டொரொண்டோவிலும் இருக்கிற நம் பிள்ளைகள் ஏற்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு நன்றி. காசை விட இப்போது அவசரமாகத் தேவை கண்கள். 1930களின், 40களின் கையெழுத்தை இளையவர்களால் வாசிக்க முடியவில்லை. தோட்டத்தின் பழைய பெயர், டிவிசனின் பெயர், கங்காணியின் பெயர் எல்லாம் சேர்ந்து எழுதப்பட்டிருக்கிறது. "மேல்மலை" என்றால் எந்தத் தோட்டத்து மேல்மலை என்று அந்தக் காலத்து ஆளுக்குத்தான் தெரியும். வாசிக்கக் கூடிய அக்காமார் யாராவது இருந்தால் வருகிற சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நூலக அறைக்கு வாருங்கள். கண்ணாடியை மறக்காமல் கொண்டுவாருங்கள். முதலாவது புத்தகத்தில் இன்னும் 14 பக்கம் மிச்சம் இருக்கிறது.